முழக்கணக்கு: செங்கல்பட்டுக் கடற்கரையில் துணி அளந்த வரலாறு

இணையத்தில் ஆடை வாங்குபவர் துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. படம், நிறம், அளவு என்று சொல்லப்பட்ட சில எண்கள் ஆகியவற்றை நம்பிப் பணம் கொடுக்கிறார். எண் தவறினால் பொட்டலம் திரும்பி வருகிறது. அந்த நட்டம் யாருக்கு என்பதில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே வழக்கு எழுகிறது. செங்கல்பட்டுக் கடற்கரை இந்தச் சிக்கலை 17ஆம் நூற்றாண்டிலேயே சந்தித்தது. காஞ்சிபுரம் முதல் கடலோர ஊர்கள் வரை நெய்யப்பட்ட துணி லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் விற்பனையானது. வாங்குபவர் நெசவாளரைக் கண்டதில்லை. நெசவாளர் வாங்குபவரை அறிந்ததில்லை. இருவருக்கும் நடுவே இருந்தது முழக்கணக்கு மட்டுமே.

கடற்கரையும் கம்பெனிகளும்

இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் மிகப் பெரியது. காஞ்சிபுரம், திருவள்ளூர், சென்னையின் புறநகர்கள் எல்லாம் அதில் அடங்கியிருந்தன. துணி வணிக வரலாற்றைப் பேசும்போது அந்தப் பழைய எல்லையையே கொள்ள வேண்டும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி அமைந்த சதுரங்கப்பட்டினம் சம்புவராயர் காலத்தில் ராஜநாராயணன் பட்டினம் எனப்பட்டது. ஐரோப்பியர் இதைச் சட்ராஸ் என்றனர். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை நடத்தியது. கோட்டையின் இடிபாடுகளும் டச்சுக் கல்லறைகளும் இன்றும் அங்குள்ளன. மெல்லிய சல்லாத் துணிக்கு இவ்வூர் பெயர் பெற்றிருந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளத்தில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டெண்ட் கம்பெனி இருந்தது. அதற்கும் வடக்கே மதராசில் ஆங்கிலேயரும் பழவேற்காட்டில் டச்சுக்காரரும் இருந்தனர். தெற்கே புதுச்சேரி பிரெஞ்சுக்காரருடையது. ஒரே கடற்கரையில், சில நாள் நடைக்குள், இத்தனை வாங்குபவர்கள் இருந்தனர். அளவைப் பற்றிய பேரத்தில் இந்த நெருக்கம் முக்கியமானது என்பது பின்னர் தெரியும்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பு அரசுக்குத் துணியின் நீளம் பொருட்டாக இருக்கவில்லை. கல்வெட்டுகளில் வரும் தறி இறை, தறிக்கடமை ஆகியவை தறி ஒன்றுக்கு இவ்வளவு என்று விதிக்கப்பட்ட வரிகள். தறியை எண்ணினால் போதும், துணியை அளக்க வேண்டியதில்லை. சந்தையில் வாங்குபவர் துணியைக் கையிலெடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தன் முழங்கையாலேயே அளந்துகொள்வார்.

யாருடைய முழம்?

முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரையிலான நீளம். சாண் அதில் பாதி. உடம்பை வைத்து எடுக்கும் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பது பூக்காரரிடம் பூ வாங்கிய எவருக்கும் தெரியும். ஊருக்கு ஊர் வழக்கமும் மாறியது. போர்த்துகீசியர் தங்கள் மொழியில் இருந்த சொல்லைக் கொண்டு இதைக் ‘கோவாடு’ என்றனர். ஆங்கிலேயர் அதைக் ‘கோவிட்’ என்று திரித்து, மதராசில் 18 அங்குலம் என்று நிலைப்படுத்திக்கொண்டனர். அப்போது 2 முழம் சரியாக ஒரு கெஜம் ஆயிற்று. டச்சுக்காரரின் ‘எல்’ ஏறத்தாழ 69 சென்டிமீட்டர். அதாவது ஒன்றரை முழம்.

மதராசிலிருந்து மிகுதியாக ஏற்றுமதியான துணி லாங்கிளாத். அதன் வழக்கமான அளவு 72 முழ நீளம், இரண்டேகால் முழ அகலம். கம்பெனிக் கணக்கில் 36 கெஜ நீளம், 40½ அங்குல அகலம். இதில் ஒவ்வொரு முழத்திலும் அரை அங்குலம் குறைந்தால் என்ன ஆகும்? 72 அரை அங்குலங்கள் சேர்ந்து 36 அங்குலம் ஆகின்றன. துணியில் ஒரு முழுக் கெஜம் காணாமல் போகிறது. நெசவாளர் யாரையும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. தன் ஊர் முழத்தால் நேர்மையாக 72 எண்ணியிருப்பார். கோட்டையில் அது 70 முழமாக அளக்கப்படும்.

நீளத்தைவிடச் சிக்கலானது நெருக்கம். பாவில் எத்தனை இழைகள் என்பதைப் புஞ்சக் கணக்கில் சொன்னார்கள். ஒரு புஞ்சம் பெரும்பாலும் 120 இழைகளாகக் கொள்ளப்பட்டது. 18 புஞ்சத் துணியில் 2160 பாவிழைகள் இருக்கும். 40½ அங்குல அகலத்தில் அது அங்குலத்துக்கு ஏறத்தாழ 53 இழை. ஒரு புஞ்சம் குறைத்து 17 புஞ்சத்தில் அதே அகலத்துக்கு நெய்தால் அங்குலத்துக்கு 50 இழை. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கஞ்சி போட்டு அடித்து மடித்த பிறகு கைக்கும் தெரியாது. ஆனால் ஒரு துணிக்கு 120 இழைகள், ஒவ்வொன்றும் 36 கெஜம், மிச்சமாகும்.

ஒரு துணியின் அளவு தறியில் தீர்மானமாவதில்லை. தெருவில் பாவு ஓட்டும்போதே நீளம் முடிவாகிவிடுகிறது. அச்சில் இழை கோக்கும்போதே அகலமும் நெருக்கமும் முடிவாகின்றன. நெய்யும்போது ஊடையிழையின் மேலும் கீழும் வளைந்து செல்வதால் பாவு சற்றுச் சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கு எவ்வளவு கூட்டி ஓட்டுவது என்பது அனுபவத்தில் வந்த கணக்கு. தறியிலிருந்து இறங்கிய துணியில் ஒரு முழம் குறைவு என்று தெரிந்தால், சேர்ப்பதற்கு வழியே இல்லை. அதன் பிறகு வெளுப்பு உண்டு. சாயம் போடாத துணி பழுப்பாகவே கோட்டைக்கு வந்து, வண்ணார்களிடம் போய் வெளுத்து வரும். பழுப்புத் துணியின் அளவும் வெளுத்த துணியின் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. எந்தக் கட்டத்தில் அளப்பது என்பதே பேரத்துக்குரிய விஷயம்.

மோஸ்தர்

எண்களை மட்டும் நம்ப முடியாது என்பதைக் கம்பெனிகள் விரைவில் உணர்ந்தன. அதனால் மாதிரித் துணி முறை வந்தது. ஒப்பந்தம் செய்யும்போது ஒரு துணியைக் காட்டி, இதைப் போல் இத்தனை உருப்படி என்று எழுதிக்கொள்வார்கள். மாதிரி பண்டகசாலையில் இருக்கும். வந்து சேரும் துணிகள் அதனோடு ஒப்பிடப்படும். இந்த மாதிரியைப் போர்த்துகீசிய மொழியில் ‘மோஸ்த்ரா’ என்பர். ஆங்கிலேயர் ‘மஸ்டர்’ என்றனர். தமிழில் அது மோஸ்தர் ஆயிற்று. இன்று மோஸ்தர் என்றால் பாணி, நாகரிகம் என்று பொருள். சொல்லின் வேர் துணிக்கிடங்கில் இருக்கிறது.

ஆண்டுதோறும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ‘ஐஸ்’ எனப்பட்ட தேவைப் பட்டியல் வந்தது. லண்டனிலிருந்தும் அதுபோன்ற பட்டியல் வந்தது. எந்த வகை, எத்தனை உருப்படி, எந்த நீள அகலம் என்று அதில் குறிக்கப்பட்டிருக்கும். கோட்டை அதிகாரிகள் தலைமை வணிகர்களிடம் ஒப்பந்தம் செய்வர். 1680இல் இறந்த காசி வீரண்ணா மதராசின் தலைமை வணிகர்களில் பெயர் பெற்றவர். தலைமை வணிகர் தரகர் வழியாக ஊர்களில் முன்பணம் கொடுப்பார். முன்பணத்தில் நெசவாளர் நூல் வாங்கி, வீட்டுக்கு அரிசி வாங்கி, பாவு ஓட்டுவார். துணி வந்ததும் கோட்டையில் பிரித்து அளந்து, முதல் தரம், இரண்டாம் தரம் என ஒதுக்குவர். அளவு குறைந்ததற்கு விலையில் கழிப்பர். மிகவும் குறைந்ததைத் திருப்பித் தள்ளுவர். லண்டன் ஏலத்தில் குறை தெரிந்து, அங்கிருந்து கண்டனக் கடிதம் எழுதப்பட்டு மதராஸ் வந்து சேர்வதற்குள் துணி நெய்த பருவம் முடிந்து ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஓடியிருக்கும். அதற்குள் அதே குறையோடு அடுத்த கப்பலும் போயிருக்கும்.

விலை அசையாதபோது

கம்பெனிக் கடிதங்களை மட்டும் படித்தால் கோரமண்டல நெசவாளர் ஓயாமல் ஏமாற்றியவர் என்று தோன்றும். சின்னப்பா அரசரத்தினம், பிரசன்னன் பார்த்தசாரதி போன்ற வரலாற்றாசிரியர்களின் ஆய்வுகள் வேறு சித்திரத்தைத் தருகின்றன. துணியின் விலை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டது. பஞ்சு விலையும் அரிசி விலையும் அப்படி எழுதப்படவில்லை. மழை பொய்த்தால் அரிசி ஏறும். தக்காணத்திலிருந்து மாட்டுப் பொதியில் வரும் பஞ்சும் ஏறும். 1730களில் இவ்வாறு விலைகள் ஏறியபோது தரம் குறைகிறது என்ற புகார்களும் மிகுந்தன. விலையை உயர்த்த முடியாத நெசவாளர் இழையைக் குறைத்தார். அரை முழம் குறைந்த துணி என்பது, எழுதப்படாத விலையேற்றம்.

அதற்காக நெசவாளர் எல்லோரும் நிரபராதிகள் என்று சொல்லிவிடவும் முடியாது. மடிப்பின் வெளிப்புறம் நெருக்கமாகவும் உள்ளே தளர்வாகவும் நெய்வது எந்தக் காலத்திலும் உள்ள தந்திரம். ஆனால் அளவுகோல் வாங்குபவரின் கையில் இருந்தது. அளப்பவர் வாங்குபவரின் சம்பளக்காரர். தரம் பிரிக்கும்போது கழிக்கப்பட்ட பணம் கம்பெனிக்கே போயிற்று. இரு தரப்பும் ஏற்கும் நடுவர் என ஒருவர் இருக்கவில்லை.

நெசவாளரைக் காத்தது போட்டிதான். ஆங்கிலேயர் தள்ளிய துணியைச் சட்ராஸ் டச்சுக்காரரிடமோ, கோவளத்துக்காரரிடமோ, உள்நாட்டு வணிகரிடமோ விற்கலாம். ஒருவருக்குக் குறைவான முழம் மற்றவருக்குப் போதுமானது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகவும் நெசவாளர் உரிமை கொண்டாடினர். அவர்களைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆங்கிலேயர் மதராசைச் சுற்றித் தறிக்குடியிருப்புகளை உருவாக்கினர். ஆளுநர் ஜோசப் காலெட் பெயரால் திருவொற்றியூர் அருகே காலடிப்பேட்டை அமைந்தது. 1734இல் சிந்தாதிரிப்பேட்டை அமைந்தது. சின்னத்தறிப்பேட்டை என்பதே அப்படி மருவியது என்பர். கண்ணெதிரே தறி இருந்தால் பாவு ஓட்டும்போதே பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் இதில் இருந்திருக்கும்.

பிறகு வாங்குபவர்கள் ஒவ்வொருவராக மறைந்தனர். ஆஸ்டெண்ட் கம்பெனி 1731இல் முடிவுக்கு வந்தது. புதுச்சேரி 1761இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அது திரும்பக் கிடைத்த பின்னும் பிரெஞ்சு வணிகம் பழைய நிலையை எட்டவில்லை. 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகிராகக் கொடுத்தார். துணி வாங்குபவரே நிலத்துக்கும் உடையவர் ஆனார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்ட் இந்த ஜாகிரின் ஏறத்தாழ 2000 ஊர்களை வீடு வீடாகக் கணக்கெடுத்தார். நெசவாளர் வீடுகளும் அதில் அடங்கின. 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு இப்பகுதியைச் சூறையாடியது. காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனிப்படை அழிந்தது. ஊர்கள் வெறிச்சோடின. சட்ராஸ் 1781இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மதராஸ் மாகாணத்தின் நெசவூர்களில் கம்பெனி இடைவணிகரை ஒதுக்கி, தன் குமாஸ்தாக்கள் வழியே நெசவாளரிடம் நேரடியாக முன்பணம் கொடுத்தது. பிறருக்கு நெய்வது தடுக்கப்பட்டது. முழத்தைப் பற்றிய பேரம் அத்தோடு முடிந்தது. அளவு துல்லியமாயிற்றா என்றால், வாங்குபவர் பக்கம் துல்லியமாயிற்று எனலாம்.

துணியில் அச்சிட்ட எண்

19ஆம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. மான்செஸ்டர் துணி இந்தியாவுக்கு வந்தது. இப்போது கடலுக்கு அப்பால் இருந்தவர் விற்பவர், ஏமாறக்கூடியவர் இந்திய வாங்குபவர். கெஜம் குறைந்த துணிகளும், சீனக்களிமண் கலந்த பசையால் கனம் கூட்டிய துணிகளும் சந்தையில் புகுந்தன. 1889ஆம் ஆண்டின் இந்திய வணிகப் பொருட்குறிச் சட்டத்தின்படி, இறக்குமதித் துணியின் உண்மையான நீளம் கெஜக் கணக்கில் ஒவ்வொரு துணியிலும் எண்ணால் முத்திரையிடப்பட வேண்டும். இந்திய ஆலைத் துணிக்கும் இது பொருந்தியது. 1876இல் தொடங்கிய பக்கிங்காம் ஆலையும் 1881இல் தொடங்கிய கர்நாடிக் ஆலையும் இந்தக் காலத்தவை. அளவு முதன்முறையாகப் பொருளின் மேலேயே எழுதப்பட்டு, எவரும் அளந்து சரிபார்க்கத்தக்கதாயிற்று. இது பெரிய மாற்றம். இணையக் கடைகளின் அளவு அட்டவணை இதன் நீட்சியே.

கைத்தறிக்கு இந்த முத்திரை இல்லை. அங்கே பழைய முறையே நீடித்தது. காஞ்சிபுரத்தில் ஒரு பாவு என்பது வழக்கமாக மூன்று சேலை. பட்டும் சரிகையும் எடைபோட்டுக் கொடுக்கப்பட்டு, நெய்த சேலை மீண்டும் எடைபோட்டு வாங்கப்படுகிறது. 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகு மீட்டர் வந்தது. ஆனால் ஆறு கெஜம், ஒன்பது கெஜம் என்ற பேச்சு போகவில்லை. ஆறு கெஜச் சேலை உண்மையில் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர்தான். ஆறு கெஜத்தை நேராக மாற்றினால் 5.49 மீட்டர் வரும். ரவிக்கைத் துணி அதில் அடங்கியதா, தனியா என்பதைச் சொல்லாமல் விடுவதே இன்றும் சேலை விற்பனையில் அடிக்கடி வரும் சச்சரவு.

தைத்த ஆடையின் அளவு

மேலே சொன்னவை எல்லாம் தைக்காத துணியின் கதை. தைத்த ஆடைக்கு வந்தால் முழமும் கெஜமும் போதாது, உடம்பு நடுவில் வருகிறது. தமிழகத் தையற்கடைகள் இதற்கு எளிய தீர்வு வைத்திருந்தன. அளவு பிளவுஸ், அளவுச் சட்டை என்று சரியாகப் பொருந்தும் பழைய ஆடை ஒன்றைக் கொடுத்தால் போதும். தையற்காரர் உடம்பை அளக்காமல் ஆடையை அளப்பார். கம்பெனிக் காலத்து மோஸ்தருக்கு இது ஒன்றுவிட்ட உறவு. தையலுக்குள் கொஞ்சம் துணி விட்டுத் தைப்பதும் வழக்கம். உடம்பு பருத்தால் பிரித்துக்கொள்ளலாம். அளவில் தவறு வரும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

ஆயத்த ஆடைகளில் அந்தச் சலுகை இல்லை. 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் அமைந்தது. பின்னர் செங்கல்பட்டை அடுத்த மகேந்திரா வேர்ல்டு சிட்டியிலும் ஆடைத் தொழிலுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஏற்றுமதி ஆடையின் ஒவ்வொரு அளவுக்கும் வெளிநாட்டு வாங்குபவர் தரும் அட்டவணை உண்டு. எத்தனை மில்லிமீட்டர் வரை கூடலாம், குறையலாம் என்பதும் அதில் இருக்கும். வரம்பு மீறினால் சரக்கு தள்ளப்படும். லாங்கிளாத் காலத்தின் தரம் பிரிப்பு வேறு உருவில் தொடர்ந்தது என்றே கொள்ளலாம்.

உள்நாட்டு இணையச் சந்தையில் எஸ், எம், எல் என்ற எழுத்துகளே பெரும்பாலும் அளவாகின்றன. இந்த அளவுகள் ஐரோப்பிய, அமெரிக்க உடல்வாகை ஒட்டியவை. இந்தியருக்கென ஓர் அளவு முறையை உருவாக்க தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் ‘இந்தியா சைஸ்’ என்ற திட்டத்தை மேற்கொண்டது. 15 முதல் 65 வயது வரையிலான 25,000க்கும் மேற்பட்டோரை முப்பரிமாண வருடியால் அளப்பது நோக்கம். தேர்ந்த ஆறு நகரங்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூர், ஷில்லாங். மூன்று நூற்றாண்டு துணி அளந்த சென்னை அந்தப் பட்டியலில் இல்லை.

சிறு விற்பனையாளர்கள் தங்கள் அனுபவத்தில் ஒரு முறையைக் கண்டுகொண்டுள்ளனர். எழுத்தைத் தவிர்த்து ஆடையின் அளவையே எழுதுகின்றனர். சுருக்கம் நீக்கி, பொத்தான் போட்டு, இழுக்காமல் தட்டையான பலகையில் விரிக்க வேண்டும். ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கம் வரை அளந்து இரட்டித்தால் மார்புச் சுற்று. 20 அங்குலம் என்றால் 40. ஆனால் இது ஆடையின் சுற்று, உடம்பின் சுற்று அல்ல. தையற்காரர் ‘லூஸ்’ என்று சொல்லும் இடைவெளி சேர்ந்தது. 40 அங்குல மார்பு உடையவர் 40 அங்குலக் குர்தாவை வாங்கினால் மூச்சுவிட முடியாது. திரும்பி வரும் பொட்டலங்களுக்கு இந்தக் குழப்பம் ஒரு பெரிய காரணம். உயரத்தைக் கழுத்தோரத் தோள்மேட்டிலிருந்து எடுப்பதா, பின்கழுத்தின் நடுவிலிருந்து எடுப்பதா என்பதும் கடைக்குக் கடை மாறும். இரண்டுக்கும் ஓர் அங்குலமாவது வேறுபடலாம். நாளானால் இஞ்சு டேப்பே இழுபட்டு நீள்கிறது. அதை இரும்பு அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் குறைவு. பருத்தி ஆடையானால் துவைத்த பின் சுருங்கும். அளவு துவைப்பதற்கு முன்பா, பின்பா என்பதைச் சொல்ல வேண்டும். கோட்டைக் கிடங்கில் பழுப்புத் துணிக்கும் வெளுத்த துணிக்கும் இடையே எழுந்த அதே கேள்விதான் இது.

சட்டம் இப்போது வாங்குபவரின் பக்கம் சாய்ந்துள்ளது. 2018 ஜனவரி முதல் பொட்டலப் பொருளுக்குரிய கட்டாய விவரங்களை இணையப் பக்கத்திலும் காட்ட வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. போகவர அஞ்சல் செலவு பெரும்பாலும் சிறு விற்பனையாளர் தலையில் விழுகிறது. ஆகவே அளவுக்குத் தைத்துத் தரும் சிலர், முதல் முறை வாங்குபவரிடம் அளவு பிளவுஸ் ஒன்றைக் கூரியரில் அனுப்பச் சொல்கின்றனர். அதை அளந்து குறித்துக்கொண்டு, தைத்த ஆடையோடு திருப்பி அனுப்புகின்றனர்.